இறக்கத்துக்கு இடம்

நாச்சிமுத்துவின் புது வண்டி மடத்து வாசலில் வந்து நின்றதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. மலையேறி வரும் எந்த வண்டிக்கும் இரண்டு வளைவு முன்னாலேயே குரைக்கத் தொடங்கும் மடத்து நாய்கூட மாமரத்தடியில் தலை தூக்காமல் கிடந்தது.

அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"பாத்தீங்களா அம்மை," என்றார், இறங்கியும் இறங்காமலும். "நாய்க்கே தெரியல."

மங்கையர்க்கரசி அம்மை முற்றத்தில் அமர்ந்து பூத்தொடுக்க வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். கொல்லிமலை மேலிருக்கும் அந்தச் சிறிய மடத்தின் தலைவி. அறுபதைக் கடந்துவிட்ட நாச்சிமுத்துவைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அம்மையின் முன்னால் வந்து நின்றதும் நாச்சிமுத்துவின் மேல்துண்டு தானாகவே தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும்.

"நாய்க்குத் தெரியாமல் வருகிற பெருமை இதுவரை திருடர்களுக்குத்தான் இருந்தது," என்றார் அம்மை.

வாசலில் மடத்து ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சடையன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பழைய டீசல் ஜீப்பை நெடுங்காலமாக ஓட்டுபவர் அவர்.

நாச்சிமுத்து முகம் சிறுக்கவில்லை. அன்று அவரைச் சிறுக்கச் செய்ய யாராலும் முடியாது. நாமக்கல்லில் அவர் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து லாரிக் குடும்பம். டீசல் வாசனை பிடித்த கைகளால் ஊட்டிய சோற்றை உண்டு வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் மின்சார வண்டி வாங்கியபோது ஊரே கூடிச் சிரித்தது. "லாரிக்காரன் வீட்டுல பொம்மைக் காரு," என்றான் மைத்துனன். "நடுரோட்டுல நின்னா எங்க வண்டியிலதான் கட்டி இழுக்கோணும், பாத்துக்க மாமா." நாச்சிமுத்து அத்தனையையும் பொறுத்துக்கொண்டார். ஊரில் முதலாவதாக ஒன்றைச் செய்தவன் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அம்மை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"புகைக்குழல் எங்கே?"

"கெடையாதுங்க. புகையே இல்ல. ஆயில் மாத்தற வேல இல்ல. கியர் இல்ல. எல்லாத்தையும்விடப் பெரிய சங்கதி எறக்கத்துலதான் இருக்குதுங்க. ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தாப் போதும், வண்டியே புடிச்சுக்கும். எறங்கற வேகமெல்லாம் கரண்டா மாறி பேட்டரிக்குள்ள போயிரும். டீசல் வண்டியில எறங்குனா என்னங்க மிச்சம்? பிரேக்குச் சூடுதான். இதுல மலையே நமக்குக் கூலி குடுக்குது."

"மலை கூலி கொடுக்கிறதா?"

"ஆமாங்க."

"நல்ல மலை," என்று சொல்லிவிட்டு அம்மை மறுபடி நாரை எடுத்தார்.

நாச்சிமுத்து எதிரில் அமர்ந்தார். நெஞ்சில் சுமந்து வந்ததை இறக்கிவைக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

"அம்மை, குருபூசை அன்னிக்கு மடத்துக்கும் இதே மாதிரி ஒரு வண்டி எடுத்துக் குடுக்கறதா இருக்கறனுங்க. நீங்க சரின்னு சொல்லோணும்."

அம்மையின் விரல்கள் நிற்கவில்லை.

"கதவுல 'நாமக்கல் நாச்சிமுத்து உபயம்'னு எழுதிப்போடலாம். பெரிய எழுத்துல. அப்புறம் இந்த ஜீப்ப எடைக்குப் போட்டர்லாம். மலைக் காத்தைக் கெடுத்துக்கிட்டு எதுக்குங்க அது?"

ஜீப்பின் மேல் சடையனின் துணி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக நகர்ந்தது.

"நான் இத்தனை வருசமா வர்றேன். உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறேன். டீசல் உசந்ததா, இது உசந்ததா? ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"நாளை சமாதிக்குப் போகிறேன் அல்லவா?"

குருபூசைக்கு முதல் நாள் மலையடிவாரத்தில் இருக்கும் ஆதிகுருவின் சமாதிக்குக் காலையிலேயே போய், மாலையில் விளக்கேற்றிவிட்டு வருவது மடத்தின் வழக்கம்.

"உங்கள் வண்டியில் வருகிறேன். இறங்கும்போது சொல்கிறேன்," என்றார் அம்மை.

எல்லா ஆண்டும் அம்மை ஜீப்பில்தான் போவார்.

மலையேற்றம் வண்டியின் மின்சாரத்தில் பாதிக்குமேல் குடித்திருந்தது. அவர் உடனே எழுந்து போய் மடப்பள்ளியின் பெரிய பிளக்கில் வண்டியைச் சொருகினார். மாலையில் தீபம் காட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்த அம்மை வண்டியருகே நின்றார்.

"இன்னும் ஏறுகிறதா?"

"ஏறுதுங்க. காலையில நெறஞ்சிரும்."

"நாளை இறங்கத்தானே போகிறோம்?"

"இருந்தாலும் உங்களைக் கொறையோட கூட்டிட்டுப் போவனுங்களா? நெறகொடமாத்தான் பொறப்படோணும். எங்கப்பாரு சொல்லுவாரு, 'அரை டேங்க்கோட வாசப்படி தாண்டாதடா'ன்னு. டேங்க் நெறயாம அவரு ஒரு லோடும் எடுத்ததில்ல."

"உங்கள் அப்பாவுக்கு உங்கள்மேல் பெருமைதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அம்மை உள்ளே போனார்.

அது பாராட்டா என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை திரையில் நூறு என்று எழுதியிருந்தது. நாச்சிமுத்து அதை அம்மைக்குக் காட்டினார். முன்னிருக்கையில் புதுத் துண்டு விரித்து அவரை அமர்த்தினார். பின்னால் எண்ணெய் டின்னும் பூக்கூடையும் ஏற்றிக்கொண்டு சடையனின் ஜீப் கனைத்துப் புறப்பட்டது. நாய் ஜீப்பைப் பார்த்துக் குரைத்தது.

"கேட்டீங்களா சத்தத்தை," என்றார் நாச்சிமுத்து.

"கேட்கிறது," என்றார் அம்மை.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. நாச்சிமுத்து வழக்கம்போல் காலை எடுத்தார். வண்டி பிடிக்கவில்லை.

ஓசையே இல்லாமல், தண்ணீரில் விட்ட தக்கைபோல் அது முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. திரையில் ஏதோ ஓர் எச்சரிக்கை மஞ்சளாக மின்னியது. அவர் அவசரமாக பிரேக்கை மிதித்தார். வளைவைக் கடந்தார்கள். அடுத்த வளைவில் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வளைவில் தீய்ந்த பிரேக் வாடை ஒன்று கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. லாரிக்காரர் மகனுக்கு அந்த வாடையை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

தடுப்புச் சுவரையொட்டி அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். கீழே பள்ளத்தாக்கு வாய் திறந்து கிடந்தது. அம்மை கைகளை மடியில் வைத்தபடியே இருந்தார்.

பின்னால் ஜீப் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு, கரும்புகையோடு, ஒரே சீராக வந்து நின்றது. சடையன் இறங்கி வந்தார்.

"என்னங்கய்யா, கரண்டு தீந்துபோச்சா?"

"தீரல சடையா. நெறஞ்சு கெடக்குது."

"நெறஞ்சதுக்கா நின்னுட்டீங்க?"

சடையன் ஒரு முறை சிரித்தார். நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஜீப்பிலிருந்து தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "சக்கரத்துல ஊத்திராதீங்க. நீங்க குடிங்க. அது தன்னால ஆறும்."

நாச்சிமுத்து குடித்தார்.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டார் அம்மை.

அது நாச்சிமுத்துவுக்குத் தெரியாத செய்தி அன்று. வண்டியை விற்றவர் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார். அவரும் தலையாட்டித்தான் கேட்டார்.

"எறங்கறப்ப வர்ற கரண்டு பேட்டரிக்குள்ளதானுங்க போவோணும். அது வாங்குனாத்தான் வண்டி புடிக்கும். இப்ப நெறஞ்சு கெடக்குது. மலை குடுக்குது, வாங்கி வெக்க எடமில்ல." சற்று நிறுத்தினார். "மலை உச்சியில யாராச்சும் நெரப்பி வெப்பாங்களா? எனக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்கறேன்."

"ஏன்?"

"டீசல் வண்டின்னா நெரப்பித்தானுங்க எடுக்கோணும். டேங்க்கு நெறஞ்சாலும் இன்ஜின் புடிக்கும். கை அதையே செஞ்சுபோட்டுது."

"டீசலை விட்டுவிட்டதாக அல்லவா சொன்னீர்கள்?"

நாச்சிமுத்து சுவருக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் அப்பா வேறு என்ன சொல்வார்?"

"'ஏறுன கியர்லயே எறங்கு'ன்னு சொல்லுவாருங்க."

அம்மை ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். சடையன் அதன் முன்சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு வந்து நாச்சிமுத்துவின் வண்டிக்கும் வைத்தார்.

"ஆறியதும் திரும்பி ஏறுவோம்," என்றார் அம்மை. "விளக்குக்கு மாலைவரை பொழுதிருக்கிறது."

"திரும்பவுமா? மேல போயி என்னங்க பண்றது?"

"தெரியாது. போய்ப் பார்ப்போம்."

ஏற்றத்தில் வண்டி சொன்னபடி கேட்டது. மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மடப்பள்ளி வாசலில் சமையல்காரக் குப்பாயி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"கரண்டு போயிருச்சு அம்மை. கீழ எங்கியோ மரம் வுழுந்துருச்சாம், சாயங்காலந்தான் வருமாம். அரிசியும் உளுந்தும் ஊறி மொதக்குது. நாளைக்கு ஊரே வரப்போவுது. தொட்டியில ஒரு குடம் தண்ணி கெடையாது. நானென்ன, கையால ஆட்டவா?"

அம்மை நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"உங்கள் வண்டி வாங்கத்தான் செய்யுமா, கொடுக்கவும் செய்யுமா?"

நாச்சிமுத்து டிக்கியைத் திறந்தார். ஓரத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கருவி கிடந்தது. வண்டியிலிருந்து வெளியே மின்சாரம் எடுப்பதற்காக வண்டியோடு சேர்த்துக் கொடுத்தது. தனக்கு எதற்கு என்று அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. உறையைக் கிழித்தார். வண்டியில் பொருத்தினார். சடையன் நீள வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்.

கிரைண்டர் ஒரு முறை தயங்கியது. பிறகு சுற்றத் தொடங்கியது.

குப்பாயி அரிசியை அள்ளிப் போட்டாள். "இருக்கட்டும், இருக்கட்டும்," என்றாள், கிரைண்டரிடமா நாச்சிமுத்துவிடமா என்று தெரியாத குரலில். "ஓடிக்கிட்டு வர்ற வண்டி ஒலகமெல்லாம் இருக்குது. மாவாட்டற வண்டிய இப்பத்தான் பாக்கறேன்."

அரிசி முடிந்து உளுந்து. உளுந்து முடிந்து கிணற்று மோட்டார். தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டபோது நாச்சிமுத்து வண்டியின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். ஊரில் எத்தனையோ பேரை ஏற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அன்றெல்லாம் வராத ஒரு நிமிர்வு இப்போது அவர் முதுகில் வந்திருந்தது. குப்பாயி விரலில் ஒட்டிய மாவைக் கொண்டுவந்து வண்டியின் முன்னெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் துடைக்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் புறப்பட்டார்கள். திரையில் நூறு இல்லை. நாச்சிமுத்து அதை யாருக்கும் காட்டவில்லை.

"ஜீப்பு முன்னால போவட்டுமுங்க," என்றார்.

முதல் வளைவில் காலை எடுத்தார். வண்டி பிடித்தது. யாரோ பின்னாலிருந்து தோளில் கைவைத்து நிறுத்துவதுபோல் மெல்லப் பிடித்தது. முன்னால் ஜீப் ஏறின கியரிலேயே இறங்கியது. அதன் உறுமல் வளைவுக்கு வளைவு வழி சொல்லிக்கொண்டு போனது. நாச்சிமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே இறங்கினார். அப்பா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சத்தம் அது.

காலையில் நின்ற இடம் வந்தது, கடந்து போனது.

அடிவாரத்தில் சமாதியருகே இரண்டு வண்டிகளும் நின்றன. அம்மை விளக்கேற்றி முடித்து வெளியே வரும்வரை நாச்சிமுத்துவும் சடையனும் அரசமரத்தடியில் காத்திருந்தார்கள்.

"ஏஞ் சடையா," என்றார் நாச்சிமுத்து, "எங்க வண்டி போவாத எடத்துக்கெல்லாம் நீ போவியாமே?"

"தார் முடியற எடத்துல உங்க வண்டி முடிஞ்சிருங்கய்யா. அதுக்கு மேலயும் ஊரு இருக்குதில்ல. புள்ளத்தாச்சிங்கள நாந்தான் கூட்டியாறேன்."

நாச்சிமுத்து தலையசைத்தார்.

அம்மை வந்தார். நாச்சிமுத்துவின் துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"அம்மை, ஜீப்பு இருக்கட்டுமுங்க. நான் சொன்னது தப்பு. ஆனா அந்த வண்டியை வாங்கிக்குவீங்களா? அதைச் சொல்லலியே."

"வாங்கிக்கொள்கிறேன்."

நாச்சிமுத்துவின் கண்கள் கலங்கின. அதை மறைக்க அவசரமாகக் கேட்டார்: "யாருங்க ஓட்டுவாங்க?"

"சடையன்."

"அவருக்கு டீசல்தானே தெரியும்?"

"உங்களுக்கும் அதுதான் தெரிந்திருந்தது. இன்று மாவாட்டினீர்கள்."

சடையன் இம்முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமலே சிரித்தார். நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டார்.

வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி, சற்றுத் தயங்கி, கடைசியாக ஒன்றைக் கேட்டார்.

"அந்த உபயம்... பேரு எழுதட்டுமுங்களா?"

அம்மை இருக்கையில் அமர்ந்தார். முன்னெற்றியில் உலர்ந்திருந்த மாவுப் பொட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"எழுதுங்கள்," என்றார். "இறக்கத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள்."