நாச்சி போகாத மூணாவது மணி

ஒரு ஊர்ல ஒரு மணிக்காரி இருந்தா. ஊருன்னா மலை மேல ஊரு. மத்தியானம் சாஞ்சா போதும், பனி புகை மாதிரி இறங்கிரும். பக்கத்துல நிக்கிற மாடுகூடத் தெரியாது. அதனால எல்லா மாட்டுக் கழுத்துலயும் மணி. அதையெல்லாம் தட்டிச் செய்றவ குருவம்மா. கேக்குறியா?

ம்.

குருவம்மாகிட்ட ஒரு வழக்கம். மணியைச் சும்மா கொடுத்துட மாட்டா. முதல்ல அதை ஒரு தடவை ஆட்டிக் காட்டுவா. மாட்டுக்காரங்களைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு, முதுகுக்குப் பின்னாடி மூணு மணியை ஒண்ணொண்ணா ஆட்டுவா. டொங்க். டணக். டுண்டுண். "இதுல உன் மாடு எது?"ம்பா. சரியாச் சொன்னாத்தான் மணி கைக்கு வரும். இல்லைன்னா மறுபடி ஆட்டுவா, காதுல ஒட்டுற வரைக்கும். ஒரு மணி மாதிரி இன்னொண்ணு அந்த ஊர்லயே கிடையாது.

அங்க நாச்சின்னு ஒருத்தி. அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு பசு. பேரு மயிலை. தலைச்சன் சினை. ஒரு நாள் மயிலையோட மணி கீறல் விட்டுப்போச்சு. நாச்சி ஓடினா குருவம்மாகிட்ட.

"எட்டு நாள் ஆகும் நாச்சி."

"எட்டு நாளா? அதுவரைக்கும் பனியில என் மாட்டை எப்படித் தேடுவேன்க்கா?"

"அவசரமாத் தட்டினா ஊமை மணிதான் வரும். பரவால்லையா?"

அப்புறம் நாச்சி என்ன பண்ணினா, கீழ சந்தைக்குப் போயிட்டா. அங்க மணி குவியலாக் கெடந்துச்சு. பளபளன்னு, எல்லாம் ஒரே அச்சு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம். ஆட்டிப் பாத்தா, கிணிங் கிணிங். நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்து பக்கத்து வீட்டு மந்தையன் வாங்கினான். அவனைப் பாத்து ஊரே வாங்குச்சு. ஒரு மழைக்காலம் போறதுக்குள்ள மலை முழுக்கக் கிணிங் கிணிங்.

குருவம்மா வாசலுக்கு ஒருத்தரும் போகலை. அவ யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. உலைச் சாம்பலை அள்ளிக் கொட்டிட்டு, கீழ கல்லு உடைக்கிற வேலைக்குப் போயிட்டா.

ம்... அப்புறம்?

அப்புறம் ஒரு நாள் பனி இறங்குச்சு பாரு, அப்படி ஒரு பனி. மேயப் போன மயிலை திரும்பலை. நாச்சி சரிவுல நின்னு காது கொடுத்தா. வலப்பக்கம் கிணிங். ஓடினா. கல்லுல இடிச்சுக்கிட்டே ஓடிப் பாத்தா, மந்தையனோட எருமை.

"என்ன நாச்சி, என் எருமையை ஓட்டிட்டுப் போலாம்னு வந்தியா?"

அப்போ இடப்பக்கம் கிணிங். அங்கயும் ஓடினா. அது யாரோட ஆடோ. தழையைக் கடிச்சுக்கிட்டே அவளைப் பாத்துச்சு.

அப்போ மூணாவது தடவை, கீழ ஓடைப் பக்கம், மெதுவா... கிணிங். கொஞ்ச நேரம் கழிச்சு, கிணிங். நாச்சிக்குக் காலெல்லாம் ரத்தம். 'இதுவும் யாரோடதோ'ன்னு நினைச்சா. போகலை. மயிலை தானா வந்துரும்னு வீட்டுக்குத் திரும்பிட்டா.

வந்துச்சா?

இல்ல தங்கம். விடிஞ்சு பனி விலகினப்புறம் பாத்தா, மயிலை ஓடைப் பள்ளத்துல கால் ஒடிஞ்சு கெடக்கு. உடம்பு சில்லுனு ஆயிருச்சு. பக்கத்துல ஈரம் காயாத கன்னுக்குட்டி ஒண்ணு அதோட மடியை முட்டுது. முட்டுறப்பல்லாம் கழுத்து மணி, கிணிங்... கிணிங்.

ம்.

நாச்சி அந்தக் கன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு மலை இறங்கினா. கல்லு உடைக்கிற இடத்துல குருவம்மா முன்னாடி போய், முதுகைக் காட்டித் திரும்பி நின்னா. பின்னாடி மூணு மணி ஆடும்னு நின்னா.

ஒரு சத்தமும் வரலை.

"சுத்தியல், பட்டறைக் கல்லு, எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன் நாச்சி"ன்னா குருவம்மா. கன்னோட தலையை மட்டும் ஒரு தடவை தடவிக் கொடுத்தா.

அப்போ அந்தக் கன்னுக்கு மணி?

மணி ஏது? அது மேயுற இடமெல்லாம் நாச்சியே கூடப் போறா. பனி இறங்கினா போதும், "மயிலை மகளே... இங்க இருக்கேன்... மயிலை மகளே..."ன்னு கத்திக்கிட்டே நடக்குறா. ஊர்ல வேற எந்தச் சத்தத்தையும் அந்தக் கன்னு நம்புறதில்லையாம்.

அவ்வளவுதான். கதை மலை இறங்கிருச்சு. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.