நடுவில் என்ன இருக்கிறது?

"எனக்கு ஆட்டம் வராது மிஸ். வராததை வர வைக்கணும். ஈஸ்டர் கழிஞ்சா கல்யாணம்."

சவரிராயன் இப்படித்தான் தொடங்கினார். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாவு மில்லுக்கு மேலே இருந்த அந்தக் கூடத்துக்குப் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் லொரெட்டாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"இதுக்கு முன்னாடி வேற எங்கேயாவது போனீங்களா அங்கிள்?"

"போகாம? ஒரு இடத்துல குத்துப்பாட்டைப் போட்டுட்டு, இடுப்பை ஆட்டுங்கன்னான். இடுப்பு பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் தைலந்தான். இன்னொரு இடத்துல, சலங்கை கட்டவே பல வருஷம் ஆகும்னாங்க. சரின்னு போன்ல பாத்து வீட்டுலயே ஆடினேன். பக்கத்து வீட்டுக்காரன் வலிப்புன்னு நெனச்சு இரும்புச் சாவியோட ஓடி வந்துட்டான்."

லொரெட்டா சிரிக்கவில்லை.

"கல்யாணம் யாருக்கு? பொண்ணுக்கா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்குத்தான்."

அந்த ரயில்வே காலனியில் ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் கூடத்தில் கேக் வெட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணும்தான் முதலில் ஆட வேண்டும். அவர்கள் அடி எடுத்து வைக்கும்வரை வந்த ஜனம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காது.

பெண்ணின் பெயர் ரெஜினா. கல்யாணக் கவுன் தைப்பவள். காலனிப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, எங்கேயாவது தையல் விட்டால் பிடிப்பதற்கு ஊசியும் நூலுமாகச் சுவரோரம் நின்று, எத்தனையோ முதல் ஆட்டங்களைப் பார்த்தவள். தன் முறை வருவதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

"கேக் வேண்டாம், பூ வேண்டாம், அந்த ஒரு ஆட்டம் போதும்ங்கிறா. ஆடிப் பாத்தோம் மிஸ். பாதியில கையை உதறிட்டா."

"என்ன சொன்னாங்க?"

மென்று விழுங்கித்தான் சொன்னார்.

"'ஒவ்வொரு திருப்பத்துலயும் என்னைய விட்டுட்டு எங்கேயோ போயிட்டு வர்றீங்க. கோயில்ல இன்னும் கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்குச் சொல்லல. மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்க'ன்னா."

"மனசு இருக்கா?"

"மாதா சத்தியமா இருக்கு. கால்தான் கேக்க மாட்டேங்குது."

லொரெட்டா பாட்டைப் போட்டாள்.

"ஆடுங்க."

"ஆள் இல்லாமயா? ரெஜினா கைவேலையை முடிச்சுட்டு வர்றேன்னிருக்கா."

"ஆள் இருக்கிற மாதிரி ஆடுங்க."

அவர் கைகளைத் தூக்கினார். ஒரு கை, இல்லாத ஒரு கையைப் பிடித்துக்கொண்டது. மறு கை, இல்லாத ஓர் இடுப்பை வளைத்துக்கொண்டது.

கூடம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. ஒரு நாற்காலி கிடையாது. கீழே மில் ஓட, தரை மட்டும் லேசாக அதிர்ந்தது.

அவர் ஓரமாகவே போனார். திரும்பினார். நின்றார். மறுபடி ஓரமாகப் போனார். திரும்பினார். நின்றார்.

பாட்டு சட்டென்று நின்றது.

"நடுவுல என்ன இருக்கு?" என்றாள் லொரெட்டா.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே."

"அப்ப ஏன் சுத்திப் போறீங்க?"

பார்த்துக்கொண்டே நின்றார். அரைத்த மாவின் வாசனை படியேறி வந்தது.

"சாப்பாட்டு மேசை" என்றார் கடைசியில்.

அவரே சொன்னார்.

"என் வீட்டுக்காரி புஷ்பத்துக்குப் பக்கவாதம். இடது கால் விழுந்துருச்சு. தினமும் நடக்க வைக்கணும்னார் டாக்டர். சாயங்காலமானா மேசையைச் சுத்தி நடப்போம். மூலைக்கு மூலை நிப்பேன். அவ கால் வந்து சேரணுமே."

"எவ்வளவு காலம்?"

"அவ போற வரைக்கும்."

"பாட்டு?"

"ரேடியோ ஓடும். இல்லன்னா எந்திரிக்கவே மாட்டா."

"கை?"

"இடுப்புல. விட்டா விழுந்துருவாளே." சட்டென்று தலையை ஆட்டினார். "அது ஆட்டமில்ல மிஸ். நடை."

லொரெட்டா பாட்டை மறுபடி போட்டாள். கிட்டே வந்தாள். அவர் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தாள். தன் இடது காலைத் துவள விட்டாள்.

ஓர் அடி பிசகவில்லை. மூலையில் நின்றார். அவள் கால் இழுபட்டு வந்து சேர்ந்தது. அடுத்த அடி எடுத்தார். அத்தனை பெரிய உடம்பு பஞ்சாகிவிட்டது. கண் தானாக மூடிக்கொண்டது.

"மெதுவா... மெதுவாம்மா... இன்னும் ஒரே ஒரு சுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பாட்டு முடிந்தது. லொரெட்டா இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

"உங்களுக்குச் சொல்லித்தர என்கிட்ட ஒண்ணுமில்ல அங்கிள்."

அவர் கண்ணைத் திறந்தார்.

வாசலில் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்க வேண்டும், அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. எப்போது வந்தாளோ.

"ரெஜி, அது வந்து..."

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நேராக வரவில்லை. சுவரை ஒட்டி, ஓரமாக, இடது காலை இழுத்து இழுத்து வந்தாள். அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"இப்படித்தானேங்க?"



"வேண்டாம் ரெஜி."

"பழகிக்குவேன். ஊர்ல எல்லாரோட அளவுக்கும் தைக்கிறேன். இது ஒண்ணு வராதா?"

"வேண்டாம்மா. நீ நேரா நில்லு."

அவள் நின்றாள். அவர் ஒரு கையால் அவள் கையைப் பிடித்து, மறு கையை அவள் இடுப்பில் வைத்தார்.

லொரெட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து வைத்தாள்.

மூலை வந்தது. வழக்கம்போல் நிற்கப் போனார். இரண்டு கையும் ரெஜினாவிடம் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அப்படியே கூடத்தின் நடுப்பக்கம் திரும்பி, மேசை இருந்த இடத்தில் காலை வைத்தார்.