காலி வகுப்பில் இரண்டு குரல்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்தாறு. தனபாலன் சார் இருபத்தைந்து வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஆள் பற்றாக்குறையால் அந்த ஆண்டுதான் அவரை மலாய்ப் பாடத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். நாகேஸ்வரி டீச்சர் அந்தத் தமிழ்ப்பள்ளியின் மலாய்ப் பாடக்குழுத் தலைவி. சந்தேகம் வந்தால் சார் கௌரவம் பார்க்காமல் டீச்சரின் மேசைக்குப் போய் நின்றுவிடுவார். அந்த ஒரு குணத்துக்காகவே மனுஷனை மன்னிக்கலாம்.

அன்று பேச்சுத்திறன் படிவத்தோடு வந்தார்.

"டீச்சர், தர்ஷாயினிக்கு ஒண்ணு போட்டுடவா?"

ஆறு நிலைகளில் ஒன்றுதான் கடைசி. அது விழுந்தால் அடுத்த வாரமே பிள்ளை மூன்றாம் ஆண்டுத் தோழிகளை விட்டுவிட்டுக் குறைநீக்கல் வகுப்புக்குப் போகவேண்டும்.

"எப்படிக் கேட்டீங்க?"

"எல்லாரையும் போலத்தான். படத்தைக் காட்டி, எழுந்து பேசச் சொன்னேன். ஆறு மாசமா வாயே தொறக்கல. நின்னுக்கிட்டு அழுவுது."

நாகேஸ்வரி பேனாவை மூடினார். "இப்ப ஓய்வு நேரந்தானே? உங்க வகுப்பு வாசல்ல போயி நில்லுங்க. கண்ணை மூடிக் கேளுங்க."

"இந்நேரம் அங்க யாரு இருப்பா?"

"போயிட்டு வாங்க சார்."

மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. காலை பத்து மணிதான், ஆனால் மாடி நடைவழியில் சுவரைத் தொட்டுத்தான் நடக்க முடிந்தது. பிள்ளைகளெல்லாம் கீழே சிற்றுண்டிச்சாலையில். சார் கதவோரம் நின்று கண்ணை மூடினார்.

உள்ளே ஓர் ஆண் தொண்டையைச் செருமினான்.

சார் காதைத் தீட்டிக்கொண்டார். எங்கேயோ கேட்ட செருமல்.

"சாக்காப்!" பேசு என்று மலாயில் அதட்டியது கட்டைக் குரல்.

சின்னக் குரலொன்று தொடங்கியது. வெள்ளம் வந்ததாம். பூனை கூரைமேல் ஏறிக்கொண்டதாம். அப்பா ஏணி தேடினாராம். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கதை பேசுவதுபோலத் தடங்கலில்லாமல் ஓடியது மலாய். சாருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சாலா! டுடுக்!" தப்பு, உட்கார்.

நாற்காலி கிறீச்சிட்டது. சின்னக் குரல் பாதியில் நின்றது.

மறுபடி செருமல், மறுபடி அதட்டல். இரண்டாம் முறை கதை ஏணிவரை வரவில்லை. மூன்றாம் முறை பூனைவரைகூட வரவில்லை. நான்காம் முறை அதட்டலுக்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

சார் பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளினார்.

தர்ஷாயினி தனியாக இருந்தாள். வேறு யாரும் இல்லை. சார் மேசைகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிள்ளை அவரையே பார்த்தபடி மெதுவாக எழுந்து நின்றது. வாய் இறுக மூடியிருந்தது.

சார் படியிறங்கி டீச்சரின் மேசைக்குத் திரும்பினார்.

"யார் சார் இருந்தா?" நாகேஸ்வரி கேட்டார்.

"பிள்ளை மட்டுந்தான்."

"எத்தனை குரல் கேட்டுச்சு?"

"ரெண்டு. ஒண்ணு அதோடது. அருமையான மலாய் டீச்சர், எனக்கே அப்படி வராது."

"இன்னொண்ணு?"

பதில் சொல்லுமுன் சார் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தம் தன் காதிலேயே விழுந்ததும் முகம் வெளுத்துப்போனது.

"என்னோடது. அதையும் பிள்ளைதான் பேசியிருக்கு," என்றார்.

நாகேஸ்வரி படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணு போடணும்னீங்களே சார், அதை யாருக்குப் போடப்போறீங்க?"