பன்னிரண்டு நிலைகள்

ஓசூருக்கு வெளியே ஒரு கம்பெனி. கதவு நிலை செய்கிறார்கள். மரத்தை இழைத்துச் செய்கிற நிலை இல்லை. பி.வி.சி. பவுடரில் மரத்தூளைக் கலந்து, சூடாக்கி, அச்சு வழியாகத் தள்ளினால் நீளமாக வரும். கரையான் அரிக்காது. தண்ணீர் பட்டாலும் ஊதாது. குளியலறைக்கு அதைத்தான் கேட்கிறார்கள்.

கலவைக்குப் பொறுப்பு ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. அங்கே பாதிப் பேர் அவளிடம் வேலை கற்றவர்கள், அதனால் எல்லோருக்கும் டீச்சர். கடைசியாக வந்த சீடர் பொன்னம்பலம். வயது ஐம்பத்து நாலு. மர அறுவை மில்லில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர்.

முதல் நாளே கேட்டார்.

"மரத்தைப் பத்தி எனக்கே பாடமா, டீச்சர்?"

"மரத்தைப் பத்தி இல்லண்ணே. தூளைப் பத்தி."

பாடம் ஒன்றுதான். உலர்த்திய தூளை மிஷினில் கொட்டுவதற்கு முன்னால், மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி எடு. டம்ளரில் போட்டுத் தட்டால் மூடி அடுப்பில் வை. தட்டில் நீர் கோத்தால் மறுபடி உலர்த்து. உலர்த்தாமல் கொட்டினால் அந்த ஈரம் ஆவியாகி, நிலைக்குள்ளே பொத்தல் பொத்தலாக விட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

எட்டு மாதம் மூட்டை சுமந்தார். அவர் முதுகு போய்விட்டது. ஒரு புதன்கிழமை ஜெசிந்தா கலவையை அவரிடம் தனியாக விட்டாள். அன்றைய வேலை சரியாக முடிந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு ஷிப்டுக்கு அவரே பொறுப்பு. அப்புறம் மூட்டை தூக்க வேண்டாம்.

மத்தியானம் மழை. சாப்பிட்டுவிட்டு வந்தார். வாய் திறந்த மூட்டைகள் மேல் சாரல் அடித்திருந்தது.

மேலாக இருந்த ஈரத்தூளை வழித்து எறிந்தார். மீதியைக் கொட்டினார். பலகை மேலே நனைந்தால் உள்ளே நனையாது, இருபத்தைந்து வருஷம் பார்த்ததாயிற்றே. டம்ளரை எடுக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மிஷின் புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு நிலைகள் வந்தன. எல்லாம் வழவழவென்று.

மறுநாள் காலை அவற்றை லாரியில் ஏற்றினார்கள். ஏதோ ஒரு முதியோர் இல்லத்துக் குளியலறைகளுக்கு. பொன்னம்பலம் இரண்டு முறை லாரி வரை போய்த் திரும்பினார். பிறகு ஜெசிந்தாவிடம் வந்து நின்றார்.

"டீச்சர், வெளியே நல்லா இருந்தாப் போதாதா?"

அவள் லாரியிலிருந்து ஒரு நிலையை இறக்கச் சொன்னாள். அதைச் சுவரோடு இறுக்கிக் கட்டி, கீல் வைத்து, திருகாணி முடுக்கி, ஒரு கதவை மாட்டினாள். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே."

"எதுக்கு?"

"உங்களுக்கு எண்பது வயசு. குளிச்சாச்சு. முட்டி மடங்க மாட்டேங்குது. கதவைப் பிடிச்சு எந்திரிங்க."

"நக்கலா?"

"எந்திரிங்க."

கதவைப் பிடித்து, உடம்பு பாரத்தை அதில் போட்டு எழுந்தார். திருகாணிகள் தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. கதவோடு சேர்ந்து சிமெண்ட் தரையில் மல்லாந்து விழுந்தார். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா கை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. மேலே கிளம்பிய தூளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு தானே எழுந்து, முதலாளி அறைக்கு நொண்டிக்கொண்டு போனார்.

உள்ளே அவர் சொன்னது வெளியே வரை கேட்டது. "சாரல் அடிச்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டினேன். லாரி போகக் கூடாதுங்க."

முதலாளி கத்தியது தெரு வரை கேட்டது.

பன்னிரண்டையும் இறக்கினார்கள். பொன்னம்பலமே ஒவ்வொன்றாக அரவை மிஷினில் போட்டார். ஷிப்டு பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அவருக்கு மறுபடி மூட்டை.

சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும், டீச்சர்?"

"காலையில ஒரு நிலையை எடை போட்டேன். குறைஞ்சுது. கேட் சீட்டுல நான் கையெழுத்துப் போடாம லாரி வெளிய போகாது. இன்னும் போடலயே."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "மழை மேல பழி போட்டிருப்பேன்."

குழாயை மூடினார். கையைத் துடைக்காமலே நின்றார்.

"என் மேல வச்சிருந்த நம்பிக்கை போச்சு, இல்ல?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள்.

"காலையில போயிருந்துச்சுண்ணே. இப்ப வந்துடுச்சு."