பாக்கிக்காரரின் கால்

டாக்டர் இசக்கிமுத்து தம் குருவைப் பார்க்கப் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். குரு என்ற சொல்லை மருத்துவத்தில் இப்போது யாரும் புழங்குவதில்லை, சீனியர் என்கிறார்கள். டாக்டர் எஸ்தரை அவரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். மனசுக்குள் மட்டும் குரு. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மனசுக்குள் இருப்பதையெல்லாம் மாற்ற முடிகிறதா என்ன?

"என்னப்பா, முகம் ஏன் இப்படி இருக்கு? சுகர் ஏறிருச்சா?"

"பாக்கி ஏறிருச்சு மேடம். வைத்தியம் பார்த்தவங்கள்ல பாதிப் பேர் பணம் கட்டலை. நர்சுகளுக்குப் போன மாசச் சம்பளமே நிக்குது. இப்படியே போனா தீபாவளிக்குள்ள கிளினிக்கை மூட வேண்டியதுதான்."

"நீ கேட்டியா?"

"நானா? என் வாயால பணத்தைப் பத்திப் பேசவே மாட்டேன். டாக்டருக்கு அது அழகில்லை."

"பின்ன யாரு கேக்கிறது?"

"கம்ப்யூட்டர். வாராவாரம் எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும்."

"அதுக்குக் கூச்சம் கிடையாது போல."

இசக்கிமுத்து சிரிக்கவில்லை. அவர் நினைவு, படிக்கிற காலத்தில் தாம் உதவிக்கு நின்ற மேடத்தின் பழைய கிளினிக்குக்குப் போயிருந்தது. ஸ்பிரிங் வைத்த பாதிக் கதவு. ஊசி கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எழும் ஆவி. ரோஸ் நிற மருந்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட பாட்டிலில் ஒட்டிய, பல் பல்லாக வெட்டிய காகிதம். கதவு ஆடிக்கொண்டே இருக்கும், கூட்டம் குறையவே குறையாது.

"உங்ககிட்ட பாக்கின்னு ஒண்ணு இருந்ததே இல்லையே மேடம். எப்படி?"

"வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

கடைத்தெருவில் எதிரே ஒருவர் கெந்திக் கெந்தி வந்தார். இசக்கிமுத்துவைப் பார்த்ததும் சட்டென்று ரோட்டைத் தாண்டி, வளையல் கடை முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றார். வளையலோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

"பிச்சையா. உப்பளத்துல மூட்டை தைக்கிறவர்" என்றார் இசக்கிமுத்து. "பாத்தீங்களா? எனக்குப் பாக்கி."

"கால்ல என்ன?"

"புண். தினமும் கட்டு மாத்தணும். திடீர்னு வர்றதை நிறுத்திட்டார்."

மேடம் ரோட்டைத் தாண்டினார். பிச்சையாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துக் கட்டை அவிழ்த்தார். நாற்றம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் டீயோடு எழுந்து போனார்.

"இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டிவரும். ஏன் போகலை?"

"மூவாயிரத்துச் சொச்சம் கட்டணும்னு மெசேஜ் வருதும்மா. எம்மகதான் படிச்சுச் சொல்லுவா. வெறுங்கையோட எப்படி அய்யா முன்னால போய் நிக்க?"

"எவ்வளவு ஆகும்னு முதல்லயே கேக்கலையா?"

"கேட்டேனே. 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கால் ஆறட்டும்'னு அய்யா தங்கமாச் சொன்னாங்க."

இசக்கிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "அந்தப் பணமே வேண்டாம் பிச்சையா. நாளைக்கு வாங்க."

பிச்சையா காலை இழுத்துக்கொண்டார். "தருமத்துக்கெல்லாம் நான் வரமாட்டேங்கய்யா."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மேடம் கேட்டார்: "இன்னைக்குக் கையில எவ்வளவு இருக்கு?"

இசக்கிமுத்துவுக்குக் காது சுட்டது. மருந்துச் சீட்டு எழுதும் முன் மேடம் எல்லாரிடமும் கேட்ட அதே கேள்வி, அதே குரல். திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அவமானமாக இருக்கும். தாம் டாக்டரானால் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்பதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தார்.

பிச்சையா சட்டைப் பையைத் தடவினார். "கூலி வாங்கி அரிசி, பருப்பெல்லாம் எடுத்தாச்சு. நூத்தி இருபது இருக்கும்மா."

"நூறு குடுங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நூறு. மழைக்கு மூட்டை வேலை இல்லைன்னா அந்த வாரம் வேண்டாம். ஆனா கட்டு தினமும் மாத்தணும். சரியா?"

"சரிம்மா." நோட்டை எடுத்து, மடிப்பை நீவிக் கொடுத்தார். பிறகு இசக்கிமுத்துவை நேராகப் பார்த்தார். "காலையில எத்தனை மணிக்கு வரட்டுங்கய்யா?"

"எட்டுக்கு" என்றார் இசக்கிமுத்து.

பிச்சையா போனதும் மேடம் நூறு ரூபாயை அவர் கையில் வைத்தார். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அப்போ நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டது பணத்துக்காக இல்லையா?"

"பணத்துக்காகத்தான். பின்ன எதுக்கு?" மேடம் டீயை வாங்கி ஊதினார். "ஆள் வந்தாத்தானப்பா பணம் வரும்."