கள்ளிக்கு வெட்டிய வாய்க்கால்

மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர் இருந்தது. அதன் அடியில் செம்பி என்ற முயல் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. சுற்றிலும் முள். நரி எத்தனையோ முறை மூக்கை நுழைத்துப் பார்த்து, குத்து வாங்கி, ஊளையிட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. குட்டிகளின் உயிரை அந்த முள்தான் காத்து வந்தது.

மார்கழி பிறந்தது. குளிர் ஏற ஏற, கள்ளியின் கொழுத்த மடல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. நிறம் மங்கித் தரையை நோக்கிச் சாய்ந்தன. செம்பி பதறிப்போய்க் கேட்டது.

"கள்ளியக்கா, உனக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றும் ஆகவில்லை செம்பி! உறைபனி வரப்போகிறது. உடம்பில் தண்ணீர் நிறைய இருந்தால் அது உறைந்து, பருத்து, என்னை உள்ளேயிருந்து கிழித்துவிடும். அதனால்தான் குறைத்துக்கொண்டேன். மிச்சமிருப்பது பாகு மாதிரி கெட்டியான சாறு. அது லேசில் உறையாது. நீ பயப்படாதே!"

செம்பி தலையை ஆட்டியது. ஆனால் வீடே வாடிக்கிடக்கும்போது எந்தத் தாய்க்கு மனம் ஆறும்?

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. எட்டியே நின்றுகொண்டது.

"தங்கச்சி! சுனையோரத்துக் கள்ளியைப் பார்த்தாயா? எப்படிக் கொழுகொழுவென்று நிற்கிறது! இது தாகத்தில் சாகிறதே!"

"தண்ணீர் வேண்டாம் என்று அக்கா சொல்கிறதே, நரியண்ணே!"

"நல்ல கதை! நோயாளி கஞ்சி வேண்டாம் என்றுதான் சொல்வான். நாம்தான் ஊட்டிவிட வேண்டும்!"

நரிக்கு முயல் குடும்பத்தின் மேல் என்ன திடீர்ப் பாசம்? அதையாவது யோசித்திருக்கலாம். பாவி முயல் யோசிக்கவில்லை! சுனையிலிருந்து கள்ளியின் வேர்வரை வாய்க்கால் வெட்டத் தொடங்கியது. "வேண்டாம், வேண்டாம்!" என்று கள்ளி கதறியது. செம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் மண்ணைப் பறித்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. குட்டிகளும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று நரி செம்பியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

நரிக்குப் பொறுக்கவில்லை. "சீக்கிரம் வெட்டு! பனி விழுவதற்குள் இது வயிறு முட்டக் குடித்திருக்க வேண்டும்!"

செம்பியின் கால் அப்படியே நின்றது. "பனி விழுவதற்குள்ளா? அது ஏன் அண்ணே?"

நரி திருதிருவென்று விழித்தது. மறுகணமே பாய்ந்தது. செம்பி ஒரே தாவலில் புதருக்குள் புகுந்தது. ஏமாந்த நரி மிச்ச வாய்க்காலைத் தானே பறிக்கத் தொடங்கியது. செம்பி விடுமா? உள்ளேயிருந்து பின்னங்கால்களால் மண்ணை உதைத்து உதைத்து வாய்க்காலின் வாயை அடைத்தது. தண்ணீர் திரும்பி, நரியின் காலை நனைத்துக்கொண்டு சரிவில் ஓடியது.

"இரு இரு! வேரில் கொஞ்சம் ஈரம் பட்டாலே போதும், நாளைக்கு இது அழுகி விழும். அப்போது பார்த்துக்கொள்கிறேன்!" என்று கத்திவிட்டு நரி போனது.

விடிந்தது. மலை முழுக்க உறைபனி. சுனையோரத்துக் கொழுத்த கள்ளி வெடித்துப் பிளந்து, கூழாகச் சரிந்து கிடந்தது. செம்பி தன் கள்ளியைத் தொட்டுப் பார்த்தது.

"அக்கா!"

செம்பி மறுபடியும் கூப்பிட வாயெடுத்தது. அதற்குள் நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்து, துவண்ட மடலுக்குள் தலையை விட்டது.

"ஐயோ, என் மூக்கு!"

மடல்தான் துவண்டிருந்தது. முள் துவளவில்லை. நரி ஓடிய ஓட்டத்தில் மலையையே விட்டுப் போய்விட்டது.

"கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். யார் அங்கே சத்தம் போட்டது?" என்றது கள்ளி.

"அப்பாடா!" செம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "உன் பேச்சைக் கேட்காமல் உன்னையே கொல்லப் பார்த்தேனே, அக்கா!"

"போகட்டும் விடு! பிள்ளைகள் பத்திரம்தானே?"

நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

தன் உடம்புக்கு எது ஆகும் என்று தெரிந்தவர் சொல்வதைத் தள்ளிவிட்டு, திடீரென்று அக்கறை காட்டுகிற பகைவன் பேச்சைக் கேட்டால், நாம் செய்யும் உதவியே உயிருக்கு உலை வைத்துவிடும்.