ராஜா சொன்ன 'நீங்க'

மரியாதை குடுத்தா யாராவது அழுவாங்களான்னு கேக்கியே, அழுவாங்க. பியூலா அழுதா. நாசரேத்துப் பிள்ள. பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் எம்.ஏ. படிச்சா. சிரிக்காத கோமதி. முழுசா கேட்டுட்டுப் பொறவு சிரி.

அவளுக்குப் பாடம் எடுத்தது செண்பகவல்லி மேடம். கோவில்பட்டிக்காரி. நானூறு வருசத்துக்கு முந்தின இங்கிலீஷ் நாடகம்னா அந்த மேடம்தான். அந்த இங்கிலீஷ் இப்ப உள்ள இங்கிலீஷ் இல்ல, பாத்துக்கோ. எழுத்து தெரியும், என்ன சொல்லுதான்னு தெரியாது.

மேடத்துக்கு எல்லாரும் 'நீ'தான். வாட்ச்மேன் நீ, படிக்க வாற பிள்ளைகளும் நீ. பிரின்சிபாலையே ஒருநா மீட்டிங்ல, "நீ உக்காரு, நான் சொல்லுதேன்"னுட்டா. அவரும் உக்காந்துட்டாரு. பொறவு அவரு மக கல்யாணத்துல அவியல்ல உப்பே இல்லன்னு மொதல்ல கண்டுபிடிச்சதும் மேடம்தான். நேரா சமையக்கட்டுக்குப் போயி... அது வேற கதை.

அந்த வருசம் டிபார்ட்மென்ட்ல ஒரு பழைய நாடகம் போட்டாங்க. எழுதுனவன் பேரு யாருக்கும் தெரியாது. ஒரு ராஜா, அவனுக்கு ஒரு சிநேகிதன். சின்னதுலருந்து ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. ராஜா சண்டைக்குக் கெளம்புதான். சிநேகிதன் வந்து, வேண்டாம், ஊரே அழிஞ்சுபோகும்னு சொல்லுதான். ராஜா கோவப்படல. "உங்க ஆலோசனைக்கு நன்றி"ன்னு ஒரு வரி. அம்புட்டுத்தான். சிநேகிதன் எந்திரிச்சு வெளிய போறான். அதுக்குப் பொறவு நாடகத்துல அவன் வாறதே இல்ல.

ராஜா வேசம் ரோஸ்லினுக்கு. மணப்பாட்டுக்காரி, நல்ல ஒசரம். தினம் மீனு தின்ன ஒடம்புல்லா. அவங்க அம்மா வைக்கிற சாளக்குழம்பு இருக்கே... சரி, விடு. சிநேகிதன் வேசம் பியூலாவுக்கு. வாழ்க்கையில மொத மொதல்ல மேடையேறுதா. அவங்கப்பா அத்தைமார எல்லாம் கூட்டிட்டு சனிக்கிழம நாடகத்துக்கு வந்துருவேன்னு சொல்லிட்டாரு.

வசனமெல்லாம் நல்லாத்தான் சொன்னா. அந்தப் போற எடம்தான் வரல. ரோஸ்லின் வரியச் சொன்ன ஒடனே இவ எந்திரிச்சு, பஸ்ஸ விட்டுருவோமோங்கிற மாதிரி விறுவிறுன்னு நடந்து போறா. பாத்த பிள்ளைகளெல்லாம் சிரிச்சிட்டாங்க.

மேடம் ஒத்திகைய நிறுத்துனா.

"ஏ பியூலா, எங்க போற நீ?"

"வெளிய மேடம். புஸ்தகத்துல 'வெளியே செல்கிறான்'னு போட்ருக்கு."

"ஏன் போறான்?"

"அதான் மேடம் எனக்கும் தெரியல. ராஜா திட்டல, அடிக்கல. நன்றின்னுதான சொல்லுதாரு. அதுக்கு எதுக்கு ஒருத்தன் எந்திரிச்சுப் போகணும்? அச்சடிச்சவன் நடுவுல ஒரு பக்கத்த விட்டுட்டானோ?"

"பக்கமெல்லாம் இருக்கு. அந்த வரியில என்ன மாறிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன் மேடம். அதுவரைக்கும் ராஜா அவனத் 'தௌ'ங்காரு. அந்த வரியில மட்டும் 'யூ'ங்காரு."

"தௌன்னா?"

"தேவரீர்."

மேடத்துக்குக் கண்ணாடி நழுவிட்டு. "யாரு சொன்னா?"

"எங்க தாத்தா மேடம். பழைய இங்கிலீஷ் பைபிள்ல கடவுளத் தௌன்னுதான போட்ருக்கு. அவரு ஜெபம் பண்ணும்போது தமிழ்ல அதத் தேவரீர்னுதான் சொல்லுவாரு. கடவுளுக்கே சொல்லுத வார்த்தைன்னா அதுக்கு மேல மரியாதை உண்டா?"

"அப்போ யூ?"

"அது சும்மா சாதாரணம் மேடம். இவ்வளவு நேரமும் மரியாதையா பேசுன ராஜா, மனசு எளகி, கிட்ட வந்துட்டாரு. கிட்ட வந்தா இவன் சந்தோசம்தான படணும்? ஏன் மேடம் போறான்?"

பாவம், நெசமாத்தான் கேட்டா. விளங்கலைன்னா விட மாட்டா அவ. சின்னப் பிள்ளையில கோழி ஏன் தண்ணி குடிச்சிட்டு மேல பாக்குதுன்னு கேட்டுக் கேட்டு, ஸ்கூல் வாத்தியாரையே அழ வச்சவ.

மேடம் புஸ்தகத்த மூடுனா. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். வரலைன்னா வேற பிள்ளைக்கு வேசத்தக் குடுத்துருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

மறுநா காலையில கிளாசுக்கு ரோஸ்லினும் பியூலாவும் ஒண்ணா போறாங்க.

"ஏட்டி ரோஸ்லின், தலைய வாரலியா நீ?"ன்னா மேடம். பொறவு இவளப் பாத்து, "வாங்க பியூலா. உக்காருங்க."

பியூலாவுக்கு மொதல்ல சிரிப்பு. கேலி பண்ணுதாங்கன்னு நெனச்சா. மேடம் சிரிக்கல.

கேள்வி கேட்டா. இவ பதில் சொன்னா. "சரியாச் சொன்னீங்க. நன்றி."

இவளுக்கு என்னமோ போல ஆயிட்டு. மத்தவளுக எல்லாருக்கும் "நீ சொல்லு", "வாய மூடு", "கழுத, எழுதுனியா?" தான். இவளுக்கு மட்டும் நீங்க.

மத்தியானம் சோத்துப் பொட்டியத் தொறந்து வச்சிட்டு சும்மா இருந்தா.

"என்னட்டி பண்ணித் தொலச்ச?"ன்னா ரோஸ்லின்.

"ஒண்ணும் பண்ணலட்டி."

"பேப்பர் லேட்டா குடுத்தியா?"

"மொத ஆளாக் குடுத்தேன்."

"மேடத்தப் பத்தி எவட்டயாவது பேசுனியா?"

"உங்கிட்ட மட்டும்தான் பேசுனேன்."

"நான் சொல்லல"ன்னு ரோஸ்லின் வேகமாச் சொன்னா.

வெள்ளிக்கிழம வரைக்கும் அப்பிடியேதான். எதுக்க வந்தா "எப்படி இருக்கீங்க?" லைப்ரரியில பாத்தா "படிக்கிறீங்களா? படிங்க." ஒரு கடுஞ்சொல் இல்ல. திட்டுனா நாலு அழுக அழுதுட்டு மறந்துரலாம். இத எங்க கொண்டு போயி வைக்க?

வெள்ளிக்கிழம சாய்ங்காலம், ஒத்திகைக்கு முந்தி, மேடம் ரூமுக்கே போயிட்டா.

"வாங்க பியூலா."

"மேடம், நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணலியே நீங்க."

"திட்டுங்க மேடம். எதுனாலும் திட்டிருங்க."

"எதுக்கு? நல்லாப் படிக்கிறீங்க. நல்லாப் பேசுறீங்க."

"அப்போ ஏன் மேடம் என்னைய மட்டும் நீங்கன்னு சொல்லுதீங்க?"

மேடம் ஒரு பேப்பரத் திருத்திக்கிட்டே கேட்டா. "மரியாதைதான? வேண்டாமா?"

பியூலாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. கோவம் வரல. மேடம் நல்ல வார்த்தைதான சொல்லிருக்காங்க, எதப் பிடிச்சுச் சண்ட போட? மெதுவா எந்திரிச்சா. நாற்காலிய சத்தமில்லாம உள்ள தள்ளி வச்சா. வாசலப் பாத்து நடந்தா. காலு போகுது, முதுகு மட்டும் இன்னும் அந்த ரூமுக்குள்ளயே நிக்குது. ஒரு தடவ கூப்பிட மாட்டாங்களான்னு.

கதவுல கை வைக்கப் போறா.

"ஏட்டி, நில்லு."

நின்னுட்டா. திரும்பல.

"தௌன்னா அந்தக் காலத்து 'நீ', யூன்னா 'நீங்க'. ராஜாவும் இதத்தான் சொன்னான். இப்ப நடந்தேல்லா, நாளைக்கு மேடையில அத நட."

பியூலா கதவப் பிடிச்சிக்கிட்டே நின்னா. ஏட்டின்னு கேட்ட காதுக்கு, அதுக்குப் பொறவு சொன்னது வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆச்சு.

முழுசா கேட்டுட்டேல்லா? இப்ப சிரி... ஏட்டி கோமதி, தூறல் விழுது பாரு, மாடியில வத்தல் காயுது. ஓடிப் போயி உள்ள எடுத்துட்டு வா.